வாட்டம் வைக்காத தரை

"உங்க அண்ணன் சொன்ன மாதிரி ஆள் வெச்சே பண்ணிடலாமா?"

"எதுக்கு? நீங்க இருக்கீங்கல்ல?"

"எனக்குத் தராசு ரிப்பேர்தான் தெரியும்மா. சுவரு, தரையெல்லாம் நான் எங்க கண்டேன்?"

"ஆடுற முள்ளை நட்டநடுவுல நிறுத்தத் தெரிஞ்சவருக்கு ஒரு வீட்டைச் சரி பண்ணத் தெரியாதா?"

"தப்பாப் போச்சுன்னா?"

"போகட்டும். நம்ம வீடுதானே, அடுத்தவங்க வீடா?"

"சரி, ஆனா நீ கூட இருக்கணும். ஒத்தை ஆளா இதையெல்லாம் பண்ண முடியாது."

"இருக்கேன். நான் எங்க போகப் போறேன்?"

பேருந்தின் கடைசி இருக்கையில், குலுங்கிக்கொண்டே பேசிய பேச்சு அது. அன்று காலைதான் வீட்டுச் சாவி கைக்கு வந்திருந்தது. பாதிச் சுவர்களுக்குப் பூச்சு இல்லை, அலமாரிகளுக்குக் கதவு இல்லை, குளியலறையில் தரையே இல்லை. யாரோ கட்டத் தொடங்கி, அலுத்துப்போய், வந்த விலைக்கு விட்டுப்போன வீடு. அவளுடைய அண்ணன் கட்டட மேஸ்திரி. வந்து சுற்றிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் முன்னால், "மாப்பிள்ளை, இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்காதீங்க. இது உங்களால ஆகாது. நம்ம பசங்களை விட்டு முடிச்சுத் தரேன்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அவள் கணவர் வேலை பார்த்த தராசுக் கடையை அப்போதுதான் மூடியிருந்தார்கள். வேலை தேடிப் போன இடங்களிலும் ஏறக்குறைய அதே சொல்லைத்தான் கேட்டுவிட்டு வந்திருந்தார். 'உங்களால ஆகாது' என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியை, வெகுநேரம் துடைத்தார். அதை அவள் பார்த்துவிட்டாள். அதனால்தான் பேருந்தில் அப்படிச் சொன்னாள்.

அன்று அவள் மனதாரச் சொன்னாள். இப்போதும் அதில் அவளுக்கு வருத்தம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். 'ஆள் வெச்சுடலாங்க.' அவ்வளவுதான் அவள் கேட்க வேண்டியது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அது அவள் நாக்கு நுனியில் நிற்கிறது. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

அவர் ஒன்றும் கைக்கு வந்ததைக் கண்டபடி ஒட்டி வைக்கிறவர் இல்லை. அதுதான் சிக்கலே. சமையல் மேடை கட்டுவதற்கு முன் அவளை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அந்த உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டார். அந்த மேடையில் எத்தனை நேரம் நின்று வேலை செய்தாலும் அவளுக்கு முதுகு வலித்ததில்லை. வலிப்பதெல்லாம் காலும் முட்டியும்தான். அதற்கும் ஒரு மரப்பலகை இழைத்து மேடைக்குக் கீழே போட்டார், ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொள்ள. அலமாரித் தட்டுகள் நூல் பிடித்த மாதிரி நிற்கும். இதற்கிடையில் சொந்தமாக ஒரு தராசு ரிப்பேர் கடையும் வைத்து, தெருவில் 'தராசுக்காரர்' என்று பெயரும் வாங்கிவிட்டார். மின்தராசு, மேடைத்தராசு, நகைக்கடைத் தராசு என்று வாரம் முழுவதும் அங்கே சரிசெய்துவிட்டு, கடை சாத்தியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சரிசெய்ய உட்காருவார்.

ஆனால் தனியாக உட்கார மாட்டார்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் பிடியேன்."

அளவு நாடாவின் அந்த முனை, டார்ச் லைட், பலகையின் மறுகோடி, ஏணி, திருகாணி போட்டுவைத்த கிண்ணம் என்று எதையாவது அவள் பிடித்தாக வேண்டும். வாரத்தில் ஆறு நாள் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறாள். ஏழாவது நாள் கணவர் பக்கத்தில் நிற்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வெயில் ஜன்னல் தாண்டி உள்ளே வரும்வரை படுத்திருக்க வேண்டும் என்பது அவளுக்கு ஒரு ஆசை. படுத்தால் தூக்கம் வராது என்பதும் அவளுக்குத் தெரியும். சும்மா கிடந்தாலே போதும்.

வீட்டுக்கு யாராவது தங்க வந்தால் மகள் சிட்டு அவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்துவாள். "படுக்கையறைக் கதவை லேசாத் தூக்கி, அப்புறம் தள்ளணும் அத்தை. கூடத்து ஃபேன் சுவிட்ச் சமையலறையில இருக்கு. ஏன்னு கேக்காதீங்க, அது பெரிய கதை. இந்தக் குழாயைத் திறக்கணும்னா மூடற பக்கம் திருகுங்க. அப்புறம், குளிச்சு முடிச்சா சத்தம் குடுங்க. அம்மா வருவாங்க."

அம்மா வருவாங்க என்பதற்குப் பின்னால்தான் குளியலறைத் தரை இருந்தது.

அந்தத் தரைக்கு டைல்ஸ் பதிக்க அவர் கடைக்கு விட்ட ஒரு விடுமுறை முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வில்லையாக வைத்து, ரப்பர் சுத்தியலால் செல்லமாகத் தட்டி, அதன் மேல் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்ப்பார். கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் குமிழி நடுக்கோட்டுக்குள் வந்து நிற்கும்வரை விடமாட்டார். மேடைத்தராசைப் பொருத்துகிறவர்கள் அப்படித்தான் வேலை பார்ப்பார்கள். தராசு நிற்கும் தரை மயிரிழை சாய்ந்தாலும் எடை தப்பிவிடும். அந்தப் பழக்கத்தில் சுவருக்குச் சுவர், மூலைக்கு மூலை, குறுக்கும் நெடுக்குமாகக் குமிழி அசையாத ஒரு தரையைப் போட்டு முடித்தார். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எங்கே வைத்தாலும் குமிழி நடுவிலேயே நின்றது. பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த சிட்டு கைதட்டினாள்.

காய்ந்த பிறகு முதல் வாளித் தண்ணீரை அவள்தான் ஊற்றினாள். தண்ணீர் நாலாபக்கமும் பரவியது. பரவிவிட்டு, நின்றது. வெளியேறும் ஓட்டையைச் சுற்றி அது பாட்டுக்குப் படுத்துக்கிடந்தது. எந்தப் பக்கம் போவதற்கும் அதற்கு ஒரு காரணமும் இல்லை.

குளியலறைத் தரைக்கு ஓட்டைப் பக்கமாக வாட்டம் வைக்க வேண்டும், சற்றே சரிந்திருக்க வேண்டும் என்பது ஊர் உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் ரசமட்டத்தைக் கையில் எடுத்ததும் மறந்துபோனது. பக்கத்திலேயே நின்று வில்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவளுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து அவள், "இதுக்கென்னங்க, தள்ளிவிட்டாப் போகுது" என்று தண்ணீர் தள்ளும் ரப்பர் கட்டையை எடுத்தாள். அவர், "அடுத்த லீவுல பேத்துட்டுப் போட்டுடறேன்" என்றார். அன்றிலிருந்து காலையில் மூன்று பேர் குளித்ததும் தள்ளுகிறாள். மாலையில் துணி துவைத்ததும் தள்ளுகிறாள். விருந்தாளி வந்தால் கூடுதலாகத் தள்ளுகிறாள். அவரோ மகளோ தள்ளாமல் இல்லை. ஆனால் அவர்கள் தள்ளினால் மூலையில் கொஞ்சம் நிற்கும். நின்றால் வழுக்கும். அதனால் அவள் இன்னொரு முறை தள்ளுவாள்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவர் அறிவித்தார். "கடையை ரெண்டு வாரம் சாத்தறேன்."

"எதுக்குங்க?"

"பாத்ரூம் தரையைப் பேத்துட்டு, இந்தத் தடவை வாட்டம் வெச்சுப் போட்டுடறேன்."

சிட்டு தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, முன்னெச்சரிக்கையா அந்த ரசமட்டத்தை என் காலேஜ் லாக்கர்ல வெச்சுப் பூட்டிடட்டுமா?"

"வாயைப் பாரு வாயை. அது இல்லாம வாட்டம் எப்படி வைப்பே? குமிழி எவ்வளவு தள்ளி நிக்கணும்னு கணக்கு இருக்கு."

"சரி, ரெண்டு வாரம் எங்க குளிக்கிறது?"

"எதிர் வீட்டு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். காலையில அவங்க ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னால போயிடணும்."

"அப்போ நான் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டைக் கிராஸ் பண்ணணுமா? செத்தேன். என் கிளாஸ் பசங்க ரெண்டு பேர் இந்தத் தெருவுலதான் இருக்காங்க."

"ரெண்டே வாரம்டா. கையோட மேல்தட்டு ஒண்ணு அடிச்சுடலாம்னு இருக்கேன், சமையலறையில. அப்புறம் அந்த மாடிப்படிக் கைப்பிடி..."

அவர் விரல் விட்டு அடுக்கிக்கொண்டே போனார். அவள் மேசைக்கு அடியில் ஒரு பாதத்தால் இன்னொரு பாதத்தை அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரம் கடையில் கூட்டம். காலில் செருப்பு வார் பதிந்த தடம் இரவாகியும் போகவில்லை. சொல்லிவிடலாம், இதோ, அவர் தண்ணீர் குடித்து முடித்ததும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். அவர் தண்ணீரைக் குடித்தார். குடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்குத்தான் முதல்ல சந்தோஷமா இருக்கும். இனிமே தள்ளவே வேண்டாம் பாரு."

அவள், "ஆமாங்க" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி அண்ணன் மருந்துக்கடைக்கு வந்தார். ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வருவார். வாங்கிவிட்டு உடனே போனதில்லை.

"என்னம்மா, மாப்பிள்ளை கடையைச் சாத்தறாராமே? சிட்டு ஃபோன்ல சொன்னா."

"ம்."

"பாத்ரூமா? பரவாயில்ல. கடைசித் தடவை உங்க வீட்டுல குளிக்கப் போனப்ப நீச்சல் தெரியாம ரொம்ப அவஸ்தைப்பட்டுட்டேன்."

"மாத்திரையை வாங்கினியா? கிளம்பு. பின்னால ஆள் நிக்கறாங்க."

"நிக்கட்டும், நிக்கட்டும்." அவர் கவுண்டர் மேல் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். "காலைக் காட்டு. என்ன இப்படி வீங்கியிருக்கு?"

"நின்னா வீங்காதா?"

"வீட்டுலயும் நிக்கறே. ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி. திங்கக்கிழமை ரெண்டு பசங்களை அனுப்பறேன். வர்ற வாரம் தண்ணி ஊத்தினா நிக்காம ஓடும். மாப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கட்டும்."

"அவரைக் கேக்கணும்."

"கேளேன்."

"கேக்கறேன்."

"இதையேதான் எத்தனை வருஷமாச் சொல்றே? நான் கேட்டா அவருக்கு ரோஷம் வரும். நியாயம். நீ கேட்டா என்ன? அடிச்சுடுவாரா?"

அவள் அவருடைய மாத்திரை அட்டைகளைக் காகித உறைக்குள் போட்டு, உறையின் வாயை மடித்து, மடித்ததை மறுபடி நீவினாள்.

"நான் கேட்டா அவர் உடனே சரின்னுடுவார்ணா. அதான் பயமா இருக்கு."

"சரின்னா நல்லதுதானே? இதுல என்ன பயம்?"

"உனக்குப் புரியாது. சரின்னுட்டு எல்லாத்தையும் துடைச்சுப் பெட்டியில வெச்சு மூடிடுவார். அப்புறம் அந்தக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்."

மேஸ்திரி அண்ணன் கவுண்டரிலிருந்து முழங்கையை எடுத்தார். தான் அன்று 'உங்களால ஆகாது' என்று சொன்னது அவருக்கு நினைவில் இருந்ததோ இல்லையோ தெரியவில்லை. மாத்திரை உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "உன் முட்டிக்கு ஏதாவது நல்ல தைலம் இருந்தா நீயே எடுத்துப் போட்டுக்கோ. கடையில வேலை பார்க்கறே, உனக்குச் சொல்லணுமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர் வீட்டில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு தெருவைத் தாண்டி அவள் திரும்பி வந்தபோது அவர் தயாராக இருந்தார். பழைய சட்டை, மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை, கையில் உளியும் சுத்தியலும். குளியலறைச் சாமான்களை எல்லாம் எடுத்துக் கூடத்தில் வைத்திருந்தார். வாளிகளும் குவளைகளும் சோப்புப் பெட்டிகளுமாகக் கூடம் ஏலம் போடப்போகிற கடை மாதிரி இருந்தது. சிட்டு காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, அறைக் கதவைத் தூக்கித் தள்ளிச் சாத்திக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள்.

"வெளிச்சம் பத்தல. விளக்கைக் கொஞ்சம் பிடியேன்."

பிடித்தாள்.

முதல் வில்லையின் ஓரத்தில் உளியை வைத்து அடித்தார். சத்தம் வந்தது. வில்லை வரவில்லை. இன்னொரு பக்கம் வைத்து அடித்தார். ஒரு நகக்கண் அளவு சில்லு பெயர்ந்து சுவரில் போய்ப் பட்டது.

"பலமாத்தான் போட்டிருக்கேன்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டீ குடிக்கும் நேரம் வந்தபோது இரண்டு வில்லைகளும் மூன்றாவதில் பாதியும் வந்திருந்தன. பெருமை போய்விட்டது. வில்லைகளுக்குக் கீழே கலவை, பாறை போல இறுகிக் கிடந்தது. சுவர் வரைக்கும் அத்தனை வில்லைகளும் அதே போலத்தான் இருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்தது. வெண்தூசி அவள் ஈரத் தலையில் படிந்து, முடி விரல் நுழையாமல் ஒட்டிக்கொண்டது. குளித்தது வீண். திரும்பக் குளிக்க வேண்டுமானால் இன்னொரு முறை டீச்சர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

விளக்கைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தியலை அவர் முன்பு போல ஓங்கவில்லை. தோள் உயரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கிருந்தே தட்டினார். ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்தார். பக்கத்தில் குனிந்தபோது வாசனை வந்தது. அது அவள் தினமும் கடைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வலித் தைலத்தின் வாசனை.

"தோள்ல என்ன?"

"ஒண்ணுமில்ல, பிடிப்பு."

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

"தைலம் எங்க வாங்கினீங்க? நம்ம கடையில வாங்கலையே?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில."

"ஏங்க, பொண்டாட்டி மருந்துக்கடையில நிக்கறா. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கணுமா?"

"உன்கிட்ட வாங்கினா எதுக்குன்னு கேப்பே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் விளக்கை வாங்கிச் சுவர் ஆணியில் மாட்டினார்.

"நீ இந்த உளியைப் பிடிச்சுக்கோம்மா. ரெண்டு கையாலயும் சுத்தியலைப் பிடிச்சா எனக்குத் தோள் தாங்கும்."

அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் உளியைப் பிடித்தாள். முட்டி மடங்க மறுத்தது. மடக்கினாள். முதல் சில அடிகள் சரியாக விழுந்தன. ஒரு வில்லை முழுதாகப் பெயர்ந்து வந்ததும் அவர், "பாத்தியா!" என்றார். சின்னப் பையன் மாதிரி இருந்தது அவர் முகம். அதற்கு அடுத்த அடியோ அதற்கும் அடுத்ததோ, உளியின் தலையில் வழுக்கி அவள் கட்டைவிரலில் இறங்கியது.

அவள் கத்தவில்லை. மூச்சுத்தான் உள்ளே போய் வெளியே வர மறந்தது. அவர் கையிலிருந்த சுத்தியல் தானாக நழுவி விழுந்தது. விழுந்த இடத்தில் இருந்த வில்லை நட்டநடுவில் நாலு துண்டாக உடைந்தது.

இருவரும் அந்த வில்லையைப் பார்த்தார்கள்.

"காலையிலேர்ந்து அடிச்சேன்" என்றார் அவர். "உடையலையே இது?"

அவள் விரலை மார்போடு அழுத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் சிரித்தார். அதில் சத்தமே இல்லை, தோள்கள்தான் குலுங்கின. சிரிக்கும்போது அவருக்குத் தோள் வலித்தது, அவளுக்கு விரல் வலித்தது. அந்தச் சிரிப்பு நிற்க வெகுநேரமாயிற்று.

சத்தம் கேட்டுக் கதவைத் தூக்கித் திறந்துகொண்டு வந்த சிட்டு, தூசிக்குள் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தாள். அம்மாவின் விரலைப் பார்த்ததும், காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரும் ஐஸ்கட்டியும் கொண்டுவந்தாள்.

"மடக்கும்மா. மடக்க வருதா? அப்பா, என்னப்பா இது? அம்மா விரல் என்ன ஆணியா?"

"கண்ணு தெரியலடா. தூசி."

"எலும்பு உடையல" என்றாள் அவள். "மடங்குது பாரு. நகம் கறுக்கும். போடி, போய்ப் படி."

சிட்டு போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர் அவளுடைய கையைக் கிண்ணத்துக்குள் வைத்து, மேலே தன் கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூசி மெல்ல அடங்கியது. பெயர்த்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. மீதித் தரை அப்படியே பளபளவென்று, வந்து பார் என்பதுபோலக் கிடந்தது. அவர் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் எப்போது இவ்வளவு களைத்துப்போனார் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். விளக்கைப் பிடித்தாள், ஏணியைப் பிடித்தாள், நாடாவைப் பிடித்தாள். பிடித்த பொருளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். ஆளைப் பார்க்கவில்லை.

"நாளையிலேர்ந்து நீ பிடிக்க வேண்டாம்மா" என்றார் அவர். "நீ கடைக்குப் போ. நான் தனியாப் பண்ணிக்கிறேன். மெதுவாப் பண்ணறேன். ரெண்டு வாரம் போதலேன்னா இன்னொரு வாரம் சாத்தினாப் போச்சு."

தப்பித்துக்கொள்ள ஒரு வழியை அவரே திறந்துவிட்டார். சரிங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நாளைக்கு என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் இந்தத் தோளோடு தனியாகக் குனிந்து, உளியை ஒரு கையிலும் சுத்தியலை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, கேட்க ஆள் இல்லாத தைரியத்தில் ஓங்கி அடிப்பார். அவள் கவுண்டரில் நின்றுகொண்டு ஒவ்வொரு ஃபோன் மணிக்கும் திடுக்கிடுவாள். வேலை முடிந்ததும் ஓட்டமாக வந்து, உடை மாற்றாமல், அவர் பக்கத்தில் நின்று எதையாவது பிடிப்பாள். அடுத்து மேல்தட்டு. அடுத்து கைப்பிடி.

சரி என்று சொல்லிவிட்டு, பெட்டியை மூடிவிட்டு, வெறுமனே உட்கார்ந்துவிடுவாரோ என்கிற அந்தப் பயம் இப்போதும் இருந்தது. அது போகவில்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பயத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. நின்றுகொண்டுதான் தாங்க முடியவில்லை.

"ஏங்க."

"வலிக்குதா?"

"அது இல்ல. நான் ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருக்கேன்."

அவர் தண்ணீரிலிருந்து கையை எடுத்து, கண்ணாடியைக் கழற்றப் போனார். அவள் அடிபடாத கையால் அவர் மணிக்கட்டைப் பற்றித் தடுத்தாள்.

"கேளு."

"ஆள் வெச்சுடலாங்க. இந்தத் தரைக்கு மட்டும் இல்ல, இனிமே எல்லாத்துக்கும். எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும்."